கிராம்புக் கிழி

அந்தப் பை மேல கால் படாம பார்த்துக்கங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, உடையற சாமான் ஒண்ணும் இல்ல. உள்ள ஒரு தூக்குவாளி இருக்கு. தூக்குவாளிக்குள்ள சாட்சி இருக்கு. ராமநாதபுரத்துல ஏறினதுலேருந்து மடியிலதான் வச்சிருந்தேன். முட்டி வலி தாங்கல, அதான் கீழே இறக்கினேன்.

நீங்க எதுவரைக்கும்? தொண்டியா? நான் சங்குமேட்டுல இறங்கிடுவேன். என்ன, ஜன்னலைத் திறக்கறீங்களா? திறங்க, திறங்க. புழுதிதான் வரும். உங்க இஷ்டம்.

ஜலதோஷமா தம்பி? இல்ல, ஏறினதுலேருந்து கைக்குட்டையை மூக்கை விட்டு எடுக்கவே மாட்டேங்கறீங்க, அதான் கேட்டேன். எனக்கும் இருந்துச்சு. நோன்பு பிறக்க ஒரு வாரம் இருக்கறப்ப. ஜலதோஷம், காய்ச்சல், அஞ்சு நாள் படுக்கை. அப்புறம் நல்லாயிருச்சு. முதல் நோன்பு அன்னிக்கு அடுப்புக்கிட்ட போய் நின்னுட்டேன். நிக்காம முடியுமா? நான் பண்டாரி. பண்டாரின்னா சமையல்காரன், எங்க பக்கம் அப்படித்தான் சொல்றது. எங்க ஊர்ப் பள்ளிவாசல்ல இருபத்திரண்டு ரமலானா நோன்புக் கஞ்சி காய்ச்சறது நான்தான். சேகுதாவூது பண்டாரின்னு கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ளைகூட கையைக் காட்டும்.

நோன்புக் கஞ்சி குடிச்சிருக்கீங்களா? குடிச்சிருப்பீங்க. யாராச்சும் கூட்டாளி வீட்டுலேருந்து வந்திருக்கும். ஆனா அதைக் காய்ச்சறவனும் நோன்பாளிதான்னு யோசிச்சிருக்கீங்களா? விடியக்காலையில சாப்பிட்டதோட சரி. அப்புறம் பச்சைத் தண்ணி கிடையாது. மத்தியானம் அடுப்பை மூட்டி, பத்துப்படி நொய்யி, மூணு படி பாசிப்பருப்பு, கறி, பூண்டு, வெந்தயம் எல்லாத்தையும் போட்டுக் கிண்டி, அஞ்சு மணிக்கு ஊர்ப் பொம்பளைங்க பாத்திரத்தோட வரிசையில நிக்கறப்ப தயாரா இருக்கணும். ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில வச்சுட்டுத் துப்பிடலாம், முழுங்காத வரைக்கும் நோன்புக்குக் கேடில்லன்னு எங்க இமாம் அஜரத்தே சொல்லுவாரு. சொல்லட்டும். நான் செஞ்சதில்ல. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட செஞ்சதில்ல. எனக்கு எதுக்கு நாக்கு? மூக்கு இருக்கு.

சிரிக்காதீங்க. உப்புக்கு ஏது வாசம்னு கேப்பீங்க. உப்புக்கு இல்ல தம்பி. உப்பு விழுந்ததும் மத்ததோட வாசம் மாறும். பருப்போட பச்சை வாடை அடங்கும், பூண்டு முன்னால வரும். ஆவியைப் பிடிச்சாலே தெரியும். ஒரு வருஷம் ஜமாத் தலைவர் ஹாஜியார் என்னைச் சோதிக்கணும்னு, என் மச்சினன் செய்யதலியைக் காய்ச்சச் சொல்லிட்டு, என்னைத் தள்ளி நிக்க வச்சு, மூடியைத் திறந்து, “பண்டாரி, என்ன குறை?”ன்னார். “வெந்தயம் ஒரு பிடி கூட, உப்பு அரைப்பிடி கம்மி”ன்னேன். கஞ்சியைத் திருத்தாம அப்படியே விட்டுட்டாங்க. நோன்பு திறந்ததும் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தார். “அல்லா உன் மூக்குக்குள்ள நாக்கை வச்சுட்டான்யா”ன்னார். ஊரே கேட்டுச்சு.

அந்தம்மா ஏன் எந்திரிச்சுப் பின்னால போகுது? நல்லா உக்காந்திருந்துச்சே. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துட்டுப் போகுது பாருங்க. சங்குமேட்டு ஆளா இருக்கும். நான் வர்றது அதுக்குள்ள அங்க தெரிஞ்சு போச்சா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். மசாலாவுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. பட்டை சாது. கொஞ்சம் கூடிப் போனாலும் இனிச்சுக்கிட்டுக் கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்ல. சோம்பு கூட்டத்தோட சேர்ந்துக்கும். ஏலக்காய் மினுக்கு. நாலு கூடப் போட்டா கஞ்சி தன்னைப் பாயாசம்னு நெனச்சுக்கும். புதினாவை இறக்கப் போற நேரத்துல போடணும், முன்னாடியே போட்டா வைக்கோல். இந்தக் கிராம்பு இருக்கே, அதுதான் ஆபத்து. சம்பந்தி வீட்டுப் பெரியவர் மாதிரி. கல்யாணத்துக்கு அவர் வரணும், வராட்டி குறை. வந்து, ரெண்டு வாய் சாப்பிட்டு, சலாம் சொல்லிட்டுக் கிளம்பிடணும். உக்காந்து பேச ஆரம்பிச்சார்னா வேற யாரும் வாயைத் திறக்க முடியாது. கிராம்பு வந்துட்டுப் போன மாதிரி தெரியணும். தேடினாத்தான் கிடைக்கணும். அவ்வளவுதான். கறியும் பூண்டும் பேசட்டும்.

அதனால நாங்க அதுகளை அப்படியே கஞ்சியில கொட்ட மாட்டோம். வெள்ளை மல்லுத் துணியில பட்டை, கிராம்பு, ஏலம் மூணையும் கட்டி, நூல் விட்டு அண்டாவுக்குள்ள இறக்கறது. கிழின்னு சொல்றது. இறக்கறது யார் வேணாலும் இறக்கலாம். எப்ப தூக்கறதுங்கறதுதான் வித்தை. ஆவியை மோந்து பார்த்து, போதும்னு தோணின நிமிஷம் தூக்கிடணும். அந்த நூல்ல என்னைத் தவிர யாரும் கை வச்சதில்ல.

இந்த வருஷம் முதல் நோன்பு. கிழியை இறக்கியாச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. ஆவியில ஒண்ணும் இல்ல. கால் மணி நேரம். ஒண்ணும் இல்ல, வெறும் சூடு. அரை மணி நேரம் விட்டேன். இன்னொரு கிழி கட்டி அதையும் இறக்கினேன். சாயங்காலம் நோன்பு திறந்தாங்க பாருங்க, ஒருத்தன் கன்னத்தைத் தடவறான். “என்ன பண்டாரி, பல்வலி மருந்து குடிச்ச மாதிரி இருக்கு”ங்கறான். இன்னொருத்தன், “நாக்கு மரத்துப் போச்சு”ங்கறான். நான் குடிச்சுப் பார்த்தேன். சுடுதண்ணியில உப்புப் போட்ட மாதிரி இருந்துச்சு. நாக்கு லேசா மரத்துச்சு, அது நிசம். ஆனா வாசம்னு ஒண்ணு இல்லவே இல்ல. அப்பவே புரிஞ்சு போச்சு. எண்ணெய் எடுத்த கிராம்பு.

உங்களுக்குத் தெரியாது. கிராம்புலேருந்து எண்ணெயை எடுத்துட்டு, சக்கையைக் காய வச்சு மூட்டை கட்டி அனுப்பிடறாங்க. பார்க்கக் கிராம்பு மாதிரியே இருக்கும். நேரா மளிகைக்கடை கமால்கிட்ட போய்ச் சண்டை. அவன் புது மூட்டையைப் பிரிச்சு, கை நிறைய அள்ளி என் மூக்குக்கிட்ட நீட்டுறான். ஒண்ணும் இல்ல. “கடை பூரா தூக்குது பண்டாரி, உங்களுக்குத் தெரியலையா?”ங்கறான். விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?

வீட்டுக்கு வந்தேன். போன வருஷத்துக் கிராம்பு ஒரு தகர டப்பாவுல இருந்துச்சு. முதல் தரமான சரக்கு, நானே பார்த்து வாங்கினது. திறந்தேன். அதுலயும் ஒண்ணும் இல்ல! அப்பத்தான் தம்பி எனக்கு உறைச்சுச்சு. வீட்டுக்குள்ளேயே வந்து மாத்தி வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் கவனிக்க ஆரம்பிச்சேன். எல்லாத்துலயும் கலப்படம். சந்தன சோப்புன்னு எழுதியிருக்கான், தேய்ச்சா வெறும் வழவழப்பு. ஜொகரா, அதான் என் பொஞ்சாதி, மல்லிகைப் பூ வாங்கி வச்சிருந்தா. அதுலயும் ஒண்ணும் இல்ல, மருந்தடிச்சு வளர்க்கறாங்க போல. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசல்ல அத்தர் விக்கிறவர், முப்பது வருஷப் பழக்கம், என் சட்டையில தண்ணியைத் தடவி விட்டுட்டார். கேட்டா சத்தியம் பண்றார். பக்கத்துல நின்னவங்க எல்லாம் என் தோள்பட்டையை மோந்து பார்த்து, “கமகமன்னு இருக்கே பண்டாரி”ங்கறாங்க. எல்லாரும் அவர் பக்கம். எனக்குன்னு ஒரு ஆள் இல்ல.

யோசிச்சுப் பார்த்தேன். அடுப்படிக்கும் வரணும், என் வீட்டுக்குள்ளயும் வரணும். அப்படி யாரு? செய்யதலிதான். ஜொகராவோட தம்பி. நாப்பத்தஞ்சு வயசு, மூணு பொண்ணுங்க. பத்து வருஷமா எனக்குத் துணைக்கு நிக்கிறான். வாயில்லாப் பூச்சி. அதுதான் சந்தேகமே. பேசறவன் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம், இவன் பேசினாத்தானே?

மூணாம் நோன்பு அன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு. நான் அண்டாவுக்குப் பக்கத்துலேயே முக்காலி போட்டு உக்காந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டிருக்கேன். அவன் விறகு எடுக்கத் தெருவுக்குப் போயிருந்தான். திடீர்னு கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓடி வர்றான். துடுப்பைப் பிடுங்கி அடியைக் கிண்டறான், விறகை வெளிய இழுக்கறான். “மச்சான், அடிப்பிடிச்சுருச்சு! தெருமுனை வரைக்கும் வருதே, உங்களுக்கு...”ன்னு ஆரம்பிச்சவன் அப்படியே நிறுத்திட்டான். என் மூஞ்சியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் மேல இருந்த கஞ்சியை மட்டும் வேற அண்டாவுக்கு மாத்த ஆரம்பிச்சான்.

பக்கத்துல இருக்கற எனக்குத் தெரியாதது தெருமுனையில இருக்கறவனுக்கு எப்படித் தம்பி தெரியும்? நீங்களே சொல்லுங்க. அவன்தான் தீயைக் கூட்டி வச்சுட்டுப் போயிருக்கான். அப்புறம் காப்பாத்த வந்தவன் மாதிரி ஓடி வந்திருக்கான். என்னை ஒண்ணுக்கும் ஆகாதவன்னு காட்டறதுக்கு.

அன்னிலேருந்து அவன் ஆளே மாறிட்டான். அடுப்பை விட்டு நகர்றதில்ல. சரியா கிழியைத் தூக்கற நேரம் பார்த்து, “மச்சான், அஸர் தொழுகைக்கு நேரமாச்சு, முன் வரிசை கிடைக்காது, நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்”னு அனுப்பி வைப்பான். நானும் போனேன். தொழுகைன்னு சொல்றப்ப மாட்டேன்னு எப்படிச் சொல்றது? ஆனா உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல். ஏன்னா அஞ்சாம் நோன்புலேருந்து ஊரெல்லாம் ஒரே புகழ்ச்சி. “பண்டாரி பழையபடி வந்துட்டாரு”ங்கறாங்க. “கஞ்சின்னா இதுதான்”ங்கறாங்க. நான் குடிச்சா அதே சுடுதண்ணி. கிராம்பை நாலு பங்கு ஆக்கிட்டேன், அப்பவும் அதே சுடுதண்ணி. அப்ப என்ன அர்த்தம்? கிராம்புல சத்து இல்ல, ஆனா கஞ்சி நல்லாயிருக்குன்னா, வேற எதையோ கலக்கறான். ஏதோ ருசிப் பொடி. ஊரை மயக்கி வச்சிருக்கான்.

என்ன தம்பி, எதுவோ சொல்ல வந்தீங்க? ஒண்ணும் இல்லையா? சரி. கண்டக்டர் ரெண்டு தடவை வந்து நம்ம சீட்டுக்குக் கீழே குனிஞ்சு பார்த்துட்டுப் போறார், கவனிச்சீங்களா? டிக்கெட் எடுத்தாச்சு. அப்புறம் என்ன பார்வை?

பதினஞ்சாம் நோன்பு. தொழுகைக்குப் போற மாதிரி போய், தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னுட்டேன். அஸரை அப்புறமா தனியாத் தொழுதுக்கிட்டேன், அல்லா மன்னிக்கணும். பார்த்துக்கிட்டே இருக்கேன். செய்யதலி சுத்துமுத்தும் பார்த்தான். நூலைப் பிடிச்சு என் கிழியை வெளிய எடுத்தான். இறக்கி ரெண்டு நிமிஷம்கூட ஆகல. ஒரு வாளிக்குள்ள போட்டுச் சாக்கால மூடினான். அப்புறம் இடுப்புலேருந்து ஒரு குட்டிக் கிழியை எடுத்து உள்ள விட்டான். கொஞ்ச நேரம் நின்னான். அகப்பையில துளி எடுத்து, ஊதி, நாக்கு நுனியில வச்சான். சாக்கடையில துப்பினான். வாயைக் கொப்புளிச்சான். திரும்பவும் எடுத்து வச்சான். துப்பினான். நோன்பு நேரத்துல தம்பி! பள்ளிவாசல் அடுப்படியில!

விட்டேனா? கையும் களவுமா பிடிச்சு இழுத்துட்டு வந்து ஜமாத் முன்னால நிறுத்தினேன். அஜரத் இருக்கார், ஹாஜியார் இருக்கார், தொழுதுட்டு வந்த முப்பது பேர் இருக்காங்க. ஹாஜியார் நிதானமாத்தான் கேட்டார். “செய்யதலி, துப்பியிருந்தா நோன்புக்குக் குத்தமில்ல. ஆனா உன் மச்சான் மூக்கு இருக்கறப்ப நீ எதுக்கு ருசி பார்க்கணும்? கிழியை எதுக்கு மாத்தணும்? சொல்லு.”

அவன் சொல்லல. என்னைப் பார்த்தான். ஹாஜியார் மறுபடி கேட்டார். மறுபடியும் என்னைத்தான் பார்த்தான். அவன் கண்ணு கலங்கிப் போச்சு. நான் விடல. “முழுங்கினேல்ல? உண்மையைச் சொல்லுடா”ன்னு கத்தினேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “தப்பு எம்மேலதான் ஹாஜியார். வேற ஒண்ணும் கேக்காதீங்க”ன்னான்.

அவனே ஒத்துக்கிட்டான் தம்பி! அவன் வாயாலயே! இதுக்கு மேல என்ன வேணும்? அன்னிக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தியாச்சு. நோன்பு பிடிக்காதவன், பள்ளிவாசல் கஞ்சியைத் திருட்டுத்தனமாக் குடிச்சவன்னு ஊர்ல பேரு. அவன் மூத்த பொண்ணுக்கு ஒரு இடம் பேசி வச்சிருந்தாங்க. அவங்க ஆள் விட்டு விசாரிச்சாங்களாம். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? ஜொகரா எங்கூட முகம் குடுத்துப் பேசி நாலு நாளாச்சு. பேசின ஒரே பேச்சு, “காய்ச்சலுக்கு அப்புறம் நீங்க சரியில்ல, ஒரு டாக்டரைப் பாருங்க.” கூடப் பொறந்தவன் பாசம். வேற என்ன?

அவன் போனப்புறம் நான் தனியாத்தான் காய்ச்சினேன். நம்ப மாட்டீங்க, கஞ்சி பாதி மிஞ்சிப் போகுது. வாங்க வர்ற பொம்பளைங்க மூடியைத் திறந்து பார்த்துட்டு, “இன்னிக்கு வேணாம் மாமா”ன்னு போறாங்க. எல்லாம் அவன் பின்னால இருந்து செய்யற வேலை. அவன் வீட்டை விட்டு வெளியவே வரலேன்னு சொல்றாங்க. வெளிய வராமலேயே செய்யறான் பாருங்க! இன்னிக்கு என்னடான்னா ஹாஜியார், “ஒரு நாள் ஓய்வெடு பண்டாரி”ன்னு சொல்லி வேற ஆளை நிறுத்திட்டார். அதுலயும் ஏதோ இருக்கு.

நேத்துத்தான் சேதி வந்துச்சு. சங்குமேட்டு ஜமாத், மிச்ச நோன்புக்குக் கஞ்சி காய்ச்ச இவனைக் கூப்பிட்டுக்கிட்டாங்களாம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். சும்மா விடறதா? கடுதாசி எழுதி வச்சிருக்கேன், இந்தா சட்டைப் பையில. கையில சாட்சியும் இருக்கு. அன்னிக்கு, அந்தப் பதினஞ்சாம் நோன்பு அன்னிக்கு, அவன் கலந்த கஞ்சியை அப்பவே தூக்குவாளியில பிடிச்சு மூடி வச்சுட்டேன். அந்த ருசிப் பொடி அதுலதான் இருக்கு. நாலு நாளா திறக்கல. ஜொகரா அதை வீட்டுக்குள்ள வைக்க விடல, சாட்சியை அழிக்கணும்னு அவளுக்கு எண்ணம். கொல்லையில வச்சேன். ஒரு பூனைகூட கிட்டப் போகல தம்பி. அப்படி என்னத்தைத்தான் கலந்திருக்கானோ!

காலையில ராமநாதபுரத்துல சாப்பாட்டுப் பரிசோதனை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அங்க ஒரு ஆபீசர், மூடியில கையை வைக்கறதுக்குள்ள, “ஐயா, இதை முதல்ல வெளிய எடுத்துட்டுப் போங்க”ன்னு எந்திரிச்சுட்டார். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவரையும் யாரோ முன்னாடியே பார்த்துட்டாங்க.

என்ன கண்டக்டர்? என் பைதான். ஏன், லக்கேஜ் போடணுமா? என்னது? பையில என்ன செத்துக் கிடக்கா? மரியாதையாப் பேசுங்க. கஞ்சி. நோன்புக் கஞ்சி, பள்ளிவாசல் கஞ்சி. யாரு சொன்னா? பஸ்ஸே சொல்லுதா? யாரு யாரு, எல்லாரும் கையைத் தூக்குங்க பார்ப்போம். ஓகோ. சரி. எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி சொல்றீங்க. நான் திறந்தே காட்டுறேன். இந்தா.

மூடி இறுகிக் கிடக்கு. கொஞ்சம் பிடிங்க தம்பி. ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க? இந்தா, வந்துருச்சு.

அல்லாவே. நுரையா பொங்குது. பச்சையா ஏதோ படர்ந்திருக்கு.

இருங்க, ஏன் கத்தறீங்க? வண்டியை ஏன் நிறுத்தறீங்க? அந்தம்மா ஏன் தலையை வெளிய நீட்டி ஓங்கரிக்குது?

தம்பி. இங்க பாருங்க. என்னைப் பாருங்க. எனக்கு ஒண்ணும் வரலியே. மூஞ்சியை உள்ள விட்டுப் பார்க்கறேன், வெதுவெதுன்னு இருக்கு. வேற ஒண்ணும் வரலியே. உண்மையைச் சொல்லுங்க. நீங்க சங்குமேட்டு ஆள் இல்லல்ல? செய்யதலி உங்களுக்குத் தெரிஞ்சவன் இல்லல்ல? நாறுதா?

ரொம்பவா?

ஏறினதுலேருந்தா?

...

இறங்கறேன் கண்டக்டர். கொட்டிட்டு வந்துடறேன். அந்தக் கருவேல மரத்தடியில கொட்டிட்டு வந்துடறேன். விட்டுட்டுப் போயிடாதீங்க. தம்பி, சீட்டைப் பார்த்துக்கங்க.

...

கொட்டிட்டேன். மண்ணை அள்ளி மேல போட்டு மூடிட்டேன். பாட்டில் தண்ணி குடுத்தீங்களே, ரொம்ப நன்றி. ஒரு தடவைதான் அலசினேன், உங்க தண்ணி தீர்ந்து போச்சு.

தம்பி, ஒரு உதவி. இந்தப் பொட்டலம், கமால் கடைக் கிராம்பு. இந்தப் பொட்டலம் என் வீட்டு டப்பாவுல இருந்தது. ரெண்டையும் சாட்சிக்குத்தான் எடுத்துட்டு வந்தேன். மோந்து பாருங்க. வருதா? நல்லா வருதா? ரெண்டுலயுமா? பிரிக்கறதுக்கு முன்னாடியேவா?

என் சட்டை? இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல, ஆனா இதே சட்டைதான், தோள்பட்டையில அத்தர் தடவினது. கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. லேசா இருக்கா? என்ன வாசம்? ரோஜாவா?

ரோஜாதான் கேட்டேன் அவர்கிட்ட. ரோஜாதான் குடுத்திருக்கார்.

அடிப்பிடிச்ச அன்னிக்கே அவனுக்குத் தெரிஞ்சு போச்சு தம்பி. அதான் பாதியில நிறுத்தினான். அதான் அவ்வளவு நேரம் என் மூஞ்சியைப் பார்த்தான். தெருமுனை வரைக்கும் அடிச்ச தீய்ஞ்ச வாடை, பக்கத்துல உக்காந்திருந்த எனக்குத் தெரியல. அப்புறம் பன்னெண்டு நாள், ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல. ஊர்கிட்டயும் சொல்லல. நான் கட்டின கிழியை எடுத்து ஒளிச்சு வச்சுட்டு, சரியான அளவுல அவனே ஒண்ணு கட்டி, வீட்டுலேருந்து இடுப்புல வச்சுக் கொண்டு வந்திருக்கான். அவனுக்கு என் மாதிரி மூக்கு கிடையாது. அதனால பயந்து பயந்து நாக்கு நுனியில வச்சுப் பார்த்திருக்கான். “பண்டாரி பழையபடி வந்துட்டாரு”ன்னு என்னைத்தானே சொன்னாங்க. அவனையா சொன்னாங்க?

ஹாஜியார் என்ன கேட்டார்? உன் மச்சான் மூக்கு இருக்கறப்பன்னு கேட்டார். அதுக்கு அவன் என்ன பதில் சொல்லியிருக்கணும்? ஒரே ஒரு பதில்தான் இருக்கு. அதைச் சொன்னா முப்பது பேர் முன்னால நான் ஒண்ணும் இல்லாதவனாயிடுவேன். அதைச் சொல்லலாமான்னு கேக்கத்தான் என்னைப் பார்த்திருக்கான். ரெண்டு தடவை பார்த்தான். நான் முழுங்கினேல்லன்னு கத்தினேன்.

அவன் பேரைக் கெடுத்துட்டேன் தம்பி. மூணு பொண்ணு பெத்தவன்.

இல்ல, இல்ல, டாக்டரைப் பார்க்கலாம், பார்க்கறேன். சில பேருக்குத் திரும்பி வந்துடுமா? உங்க பெரியப்பாவுக்கு வந்துச்சா? எத்தனை மாசத்துல? சரி. அது அப்புறம். இந்தக் கடுதாசியைச் சங்குமேட்டுக்காரங்ககிட்ட குடுக்கக் கூடாது. எங்க ஊரு ஜமாத்துக்குத்தான் இன்னொரு கடுதாசி எழுதணும். எழுதினாப் பத்தாது. வர்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் நானே எந்திரிச்சு நின்னு, அவன் நோன்பு முறியல, என் மூக்குதான் போச்சுன்னு சொல்லணும். சொன்னா அகப்பை போயிடும். மூக்கில்லாத பண்டாரியை யார் வச்சுக்குவா? பயமாத்தான் இருக்கு. அவனுக்கும் அன்னிக்குப் பயமா இருந்திருக்கும்ல?

இது சங்குமேட்டு விலக்குதானே? மினாரா தெரியுது. ரோட்டோரம்தான் பள்ளி. மணி நாலு தாண்டியிருச்சு, இந்நேரம் கிழி இறக்கியிருப்பான். ஜன்னலை மூடாதீங்க தம்பி. நல்லாத் திறங்க. காத்து அந்தப் பக்கத்துலேருந்துதான் வருது.

வருதா? கஞ்சி வாசமா? பூண்டு வருதா? கறி? கிராம்பு எப்படி இருக்கு? தூக்கலா இருக்கா? கைக்குட்டையை எடுத்துட்டு நல்லா இழுத்துப் பாருங்க. அவசரப்படாதீங்க.

தேடினாத்தான் தெரியுதா? வந்துட்டுப் போன மாதிரியா?

உங்களுக்கு ஜலதோஷம் ஒண்ணும் இல்லதானே? நிச்சயமா?

அப்ப சரியாத்தான் வச்சிருக்கான்.

கண்டக்டர், இறக்கம்! முட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கணும், கொஞ்சம் நில்லுங்க. தம்பி, அந்தத் தூக்குவாளியை எடுத்துக் குடுங்க. எதுக்கு வந்தேன்னு யாராச்சும் கேட்டா, கஞ்சி வாங்க வந்தேன்னு சொல்லிக்கிறேன். வரிசையில நிக்கறேன். அதுக்கு முன்னாடி இதைக் கழுவணும். எத்தனை தடவை கழுவினா வாடை போகும்னு எனக்குத் தெரியாது. அவன்கிட்டதான் கேக்கணும்.